பிரியாணி சாப்பிட்ட அதே கை

ராபர்ட்சன்பேட்டை
20.5.2024

திரு. நோயல் அவர்களுக்கு,

பாடகர் குழுச் செயலாளராக எழுதுகிறேன். அதனால்தான் இந்தத் திருவும் அவர்களும். கூடப் பிறந்தவளாக எழுதியிருந்தால் இந்த மரியாதை உனக்குக் கிடைத்திருக்காது.

சனிக்கிழமை என் மகள் ஆனியின் கல்யாணத்தில் நீ ஆர்கனில் செய்ததைச் சபை முழுக்கக் கேட்டது. பெண் பாதி தூரம் வந்துவிட்டாள், வாசிப்பு தடுக்கி விழுகிறது. மறுபடி ஆரம்பிக்கிறாய், மறுபடி விழுகிறது. கடைசியில் வெறும் செருப்புச் சத்தத்தில் என் மகள் ஆல்டர் பீடம்வரை நடந்தாள். சம்பந்தியம்மா என் காதில், "கரண்ட் போயிடுச்சாங்க?" என்று கேட்டார். தலைக்கு மேலே எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

"விரல் மடங்கிக்கிச்சுக்கா" என்றாய். சரி என்று விட்டேன். அப்புறம் பந்தியில் உன்னைப் பார்த்தேன். அதே வலது கை. பிரியாணியைப் பிசைந்து, எலும்பைத் திருப்பித் திருப்பிக் கடித்து, தயிர்ப் பச்சடியை வழித்துச் சாப்பிட்டாய். ஒரு விரலும் மடங்கவில்லை. தினமும் பெங்களூர் ஆபீஸில் கம்ப்யூட்டர் தட்டுகிற கை அது. அங்கே மடங்காதது என் மகள் கல்யாணத்தில் மட்டும் மடங்குமா?

உன் மகன் ஏனோக்குக்கு முறைப்பெண் என்று ஆனியைக் கேட்டு வந்தாய். நான் தரவில்லை. அந்தக் கடுப்பை ஆர்கனில் காட்டிவிட்டாய்.

வரும் ஞாயிறு முதல் ஸ்டீவன் வாசிப்பான். ஆர்கன் சாவியை, சர்ச் மணியடிக்கிற கோயில்பிள்ளை டென்சிலிடம் கொடுத்தனுப்பவும். போன் செய்ய வேண்டாம், எடுக்க மாட்டேன்.

பியாட்ரிஸ்
செயலாளர்


ஊரிகம்
23.5.2024

மகா கனம் பொருந்திய செயலாளர் அம்மா அவர்களுக்கு,

டென்சில் உன் கடிதத்தை நீட்டிவிட்டு, நான் பிரிப்பதற்குள் சைக்கிளில் ஓடிவிட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஊருக்கே தெரிந்திருக்கும்.

ஆமாம், பிரியாணி சாப்பிட்டேன். நன்றாகவும் இருந்தது. சட்டைப் பொத்தான் போடுகிறேன், ஷேவ் பண்ணுகிறேன், இந்தக் கடிதத்தையும் அந்தக் கையால்தான் எழுதுகிறேன். ஆர்கன் கட்டையில் வைத்தால் மட்டும் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைக்குள் ஓடி ஒளிந்துகொள்கின்றன. வலி கிடையாது. நீளு என்கிறேன், கேட்க மாட்டேன் என்கின்றன. எனக்கே பயமாக இருக்கிறது.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களிலேயே உன்னிடம் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? "அக்கா, ரெண்டு விரல் பேச்சு கேக்க மாட்டேங்குது, கல்யாணத்துக்கு ஈஸியா ஒண்ணு வச்சிக்கலாம்" என்றேன். நீ இன்னா சொன்னே? "சோம்பேறி, பெங்களூர்ச் சம்பந்திங்க முன்னாடி மானத்த வாங்காதே, இன்னும் பிராக்டிஸ் பண்ணு." பண்ணினேன். ரயில் இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகச் சர்ச்சுக்குப் போய்ப் பண்ணினேன். பண்ணப் பண்ண மோசமாயிற்று.

பெண் கேட்டேன், இல்லை என்றாய், அதோடு முடிந்தது. ஏனோக் அந்தப் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவனுக்கு இல்லாத கடுப்பு எனக்கா?

சாவி தர முடியாது.

நோயல்


ராபர்ட்சன்பேட்டை
27.5.2024

டேய் நோயல்,

செயலாளர் போய்விட்டாள். இது உன் அக்கா. கர்த்தருக்குள் அன்பான என்று ஆரம்பிக்க மனசு வரவில்லை, அதனால் டேய் என்றே ஆரம்பித்துவிட்டேன்.

உன் கை உன்னுடையது. நீ மடக்காமல் அது எப்படி மடங்கும்? பக்கத்து வீட்டுக்காரன் வந்து மடக்கினானா? வாதம் வந்தவரைப் பார்த்திருக்கிறேன், ஒரு டம்ளரைக்கூடத் தூக்க முடியாது. நீ எல்லாம் செய்வாய், வாசிக்க மட்டும் மாட்டாய். எவ்வளவு வசதியான வியாதி!

ஆனி கல்யாண வீடியோவைச் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்க்கிறாளாம். போனில் சொல்லி அழுதாள்.

டாக்டரிடம் போயேன் பார்க்கலாம். போக மாட்டாய். போனால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவார், உன் வேஷம் கலைந்துவிடும்.

பியாட்ரிஸ்


ஊரிகம்
14.6.2024

அக்காவுக்கு,

போனேன். பெங்களூரில் ஒரு நரம்பு டாக்டர். சின்ன கீபோர்டை முன்னால் வைத்து வாசிக்கச் சொன்னார். இரண்டு விரலும் மடங்கின. "வலிக்குதா?" என்றார். இல்லை என்றேன். "யாராவது நடிக்கிறேன்னு சொன்னாங்களா?" என்று அவரே கேட்டார்.

கையில் ஒன்றுமில்லையாம். மூளையில்தானாம். நன்றாகச் சிரித்துக்கொள். கையை நீட்ட வேண்டும் என்று நினைப்பதுதான் நம் வேலை. எந்தத் தசையை இழுப்பது, எதைத் தளர விடுவது என்பதையெல்லாம் மூளை பழகிப் பழகித் தானே பார்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு விரலுக்கும் அங்கே தனித்தனி இடம் உண்டாம். வருஷக்கணக்கில் ஒரே மாதிரி வேகமாக வாசித்தால் சிலருக்குப் பக்கத்துப் பக்கத்து விரல்களின் இடம் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. வரிசையாக ஒட்டிக் கட்டிய நம் லைன் வீட்டு நடுச்சுவர் இடிந்த மாதிரி என்று வைத்துக்கொள். ஒரு வீட்டுக்காரனைக் கூப்பிட்டால் இரண்டு பேரும் எழுந்து வருகிறார்கள்.

சாப்பிடுவது ஒரு பாடம், டைப் அடிப்பது ஒரு பாடம், ஆர்கன் வேறு பாடம். கெட்டுப்போனது அந்த ஒன்றுதான். பிரியாணிக்கு ஆபத்தில்லை, நீ கவலைப்படாதே. கெட்டுப்போன பிறகும் விடாமல் பிராக்டிஸ் பண்ணினால் மூளை அந்தத் தப்பைத்தான் இன்னும் நன்றாகக் கற்றுக்கொள்ளுமாம். நான் அதைத்தான் செய்திருக்கிறேன்.

இப்போது வாசிக்கவே கூடாது. அப்புறம் ஒவ்வொரு விரலாக, குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது போல மெதுவாகப் பழக வேண்டும். பழையபடி வருமா என்று அவருக்கே நிச்சயமில்லை.

சாவியை இத்துடன் அனுப்புகிறேன். ஸ்டீவனே வாசிக்கட்டும், அந்தப் பெஞ்சுக்காக நான் சண்டை போடவில்லை. எனக்கு ஒன்றுதான் வேண்டும். "என் தம்பி வேண்டுமென்று செய்யவில்லை" என்று ஒரே ஒரு வரி எழுது. சர்ச் கமிட்டிக்கு வேண்டாம், எனக்கு எழுது.

நோயல்


ராபர்ட்சன்பேட்டை
17.6.2024

நோயல்,

சாவி வந்தது. லைன் வீட்டுக் கதை ரொம்ப நன்றாக இருக்கிறது. ஆபீஸில் உட்கார்ந்து யோசித்தாயா, ரயிலில் யோசித்தாயா?

நீ கேட்ட வரியை எழுத மாட்டேன். பொய்யை எழுத எனக்கு வராது.

பியாட்ரிஸ்


ராபர்ட்சன்பேட்டை
8.7.2024

என் அன்புத் தம்பி நோயலுக்கு,

உன் பொய்யைப் பிடித்துக்கொண்டு வரலாம் என்றுதான், ஏனோக்கிடம் விலாசம் வாங்கி அந்த டாக்டரைத் தேடிப் போனேன். உன் பேரைச் சொன்னதும், ஒரு நோயாளியைப் பற்றி இன்னொருவரிடம் பேச மாட்டேன் என்று கையை விரித்துவிட்டார். இப்படி ஒரு நோய் உலகத்தில் உண்டா, அதையாவது சொல்லுங்கள் என்றேன்.

ஒரு வீடியோ படம் காட்டினார். வேறு யாரோ ஒரு வயலின்காரர். காபி டம்ளரைப் பிடிக்கிறார், விரல்கள் ஒழுங்காக இருக்கின்றன. வயலினைக் கையில் எடுத்ததும் அந்த இரண்டு விரலும் சுருண்டுகொண்டன. அவர் முகத்தைப் பார்த்தேன் நோயல். அன்றைக்கு ஆர்கன் முன்னால் உன் முகமும் அப்படித்தான் இருந்தது. அன்று அதை நான் திமிர் என்று நினைத்தேன்.

"அதிகமா பிராக்டிஸ் பண்ணச் சொன்னா சரியாயிடும்னு நெனச்சேன் டாக்டர்" என்றேன். அதுதான் இன்னும் கெடுக்கும் என்று அவர் தலையை ஆட்டினார். திரும்பி வருகிற ரயிலில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஐயோ, என் மகளுக்காக உன் கையை நானே பாழாக்கிவிட்டேனே.

நீ கேட்ட வரி இதோ: என் தம்பி வேண்டுமென்று செய்யவில்லை. கமிட்டியிலும் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். ஸ்டீவன் விலகிக்கொள்வதாகச் சொல்கிறான். ஒரு கையால் வாசித்தாலும் போதும், நீ திரும்பி வா. இந்த அக்காவை மன்னித்துவிடு.

உன் பியாட்ரிஸ் அக்கா


ஊரிகம்
12.7.2024

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டுச் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

நீ டாக்டரை நம்பினாய். பேர்கூடத் தெரியாத வயலின்காரரை நம்பினாய். அவர்கள் சொன்ன பிறகுதான் நான் நல்லவனானேன். நான் அதே வார்த்தையை மூன்று மாதமாகச் சொன்னேன், அது உனக்குப் போதவில்லை. "நோயல் அப்படிச் செய்ய மாட்டான்" என்று ஒரு நாளாவது உனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? நான் கேட்டபோது அந்த வரியை எழுதியிருந்தால், விரல் போனால் போகட்டும் என்று இருந்திருப்பேன். இப்போது நீ அனுப்பியிருப்பது டாக்டருடைய வரி. அதை அவர் வாயாலேயே நான் கேட்டுவிட்டேன்.

என் கையை நீ பாழாக்கவில்லை. அந்தப் பாரத்தைச் சுமக்காதே, என் மூளை அது, உன்னுடையது இல்லை. எனக்குக் கோபம் அதற்காக இல்லை.

நான் அந்தச் சர்ச்சுக்குத் திரும்பி வர மாட்டேன். ஸ்டீவனை விலகச் சொல்லாதே, பாவம், நன்றாகத்தான் வாசிக்கிறான். பேத்தமங்களா பக்கம் ஒரு சின்னச் சபைக்குப் போகிறேன். அங்கே ஆர்கன் கிடையாது, கை தட்டித்தான் பாடுகிறார்கள். நானும் தட்டுகிறேன், விரல் மடங்குவதில்லை.

ஆனியும் மாப்பிள்ளையும் ஊருக்கு வந்தால் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அனுப்பு. ஏனோக் பார்க்கவேண்டும் என்கிறான். நீ வர வேண்டாம்.

நோயல்