உன் அப்பா திருப்பி மாட்டிய ஆறு கதவுகள்

சிமல்டாண்டா
வைசாகம் 19

அன்பு மகள் சிர்ஜனாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும், வெள்ளாடும் அது போன வாரம் போட்ட இரண்டு குட்டிகளுமாக இங்கே எல்லாரும் நலம். அங்கே நீயும் உன் அறைத்தோழியும், நீ கவனித்துக்கொள்ளும் அந்த முதியவர்களும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது சொல்லிக்கொள்கிறேன். மேல்வீட்டு பிர்கா லீவு முடிந்து ஜப்பானுக்குத் திரும்புகிறான், அவன் பெட்டியில் கொஞ்சம் இடம் இருக்கிறது என்றான், அதனால் குந்த்ருக் கீரை ஒரு பொட்டலமும் வறுத்த சோயாவும் வைத்திருக்கிறேன், கூடவே இந்தக் கடிதமும். போனில் சொல்லலாம்தான், ஆனால் போன் எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு தன் பங்கை மட்டும் பெரிதாக்கிச் சொல்லிவிடுகிறார். நடந்ததை நடந்தபடி உனக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்றுதான் காகிதம் எடுத்தேன்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, சிர்ஜனா! நிலம் ஆடிப் பழைய பள்ளி இடிந்த பிறகு நாலு வருஷம் தகரக் கொட்டகையில் மழை கொட்டும்போதெல்லாம் வாத்தியார் வாயசைப்பதை மட்டும் பார்த்துப் படித்த பிள்ளைகள் வாரத்தின் முதல் பள்ளி நாளான போன ஞாயிற்றுக்கிழமை புது வகுப்பில் உட்கார்ந்தார்கள். இரண்டு மாடி, ஆறு வகுப்பறை. வெளிச்சம் பிள்ளைகளின் இடது பக்கத்திலிருந்து விழுகிற மாதிரி ஜன்னல், அப்போதுதான் எழுதுகிற கையின் நிழல் நோட்டில் விழாதாம். ஜன்னலெல்லாம் சுவர் மூலையிலிருந்து இரண்டடி தள்ளித்தான் இருக்கிறது, மூலை பலமாக இருந்தால்தான் நிலம் ஆடும்போது சுவர் பிளக்காது என்று கொத்தனார் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சாய்தளம் முழுக்க முழுக்க என் கைவேலை, ஒரு அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம், ஒரு விரல்கூடக் குறைக்கவில்லை. சிமெண்ட் ஏற்றிய தள்ளுவண்டியை நானே ஒற்றை ஆளாகத் தள்ளிக்கொண்டு ஏறிப் பார்த்துவிட்டுத்தான் கரணையைக் கழுவினேன். ஊரில் எத்தனை பேர் சிரித்தார்கள், பொம்பளை கொத்து வேலை செய்தால் சுவர் நேராக நிற்குமா என்று. இப்போது அந்தச் சுவரில்தான் சாய்ந்து நின்று பேசுகிறார்கள்.

உன் அப்பாவுக்கும் அதே கட்டடத்தில் கதவு ஜன்னல் வேலை கிடைத்தது என்று போனில் சொன்னேன் அல்லவா, அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்லவில்லை. நல்ல சால் மரம், இழைத்து இழைத்து முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளவென்று ஆக்கினார். ஒவ்வொரு கதவின் மேல் சட்டத்திலும் ஒரு சின்னப் பூ வேறு செதுக்கினார், யாரும் கேட்கவில்லை. வகுப்புக்கு இரண்டு கதவில் முதலில் முன்கதவு ஆறையும் மாட்டி முடித்தார். நிலைக்குப் பக்கத்தில் பூச்சு வேலை என்னுடையது, பூசிக்கொண்டே வந்தபோதுதான் எனக்கு உறைத்தது, ஆறு கதவும் உள்பக்கம் திறக்கின்றன. கொட்டகைச் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தைப் போய்ப் பார்த்தேன், கதவு திறக்கும் திசையைக் காட்டக் கால்வட்டம் போட்டிருப்பார்கள், எல்லாக் கால்வட்டமும் வெளியே வராந்தா பக்கம்தான் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் டீடோக் களியைக் கிண்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னேன். உன் அப்பாவுக்கு வந்ததே கோபம், "முப்பது வருசமா கதவு மாட்டுறேன், கதவுன்னா உள்ள திறக்கும், வர்றவன் மூஞ்சியில அடிக்கிற மாதிரியா திறக்கும், நீ ஏழு வாரம் பயிற்சிக்குப் போயிட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்குறியா" என்றார். வரைபடத்தைப் பாருங்கள் என்றேன், "கான்ட்ராக்டரே உள்ள திறக்கட்டும்னு சொல்லிட்டாரு, வராந்தா குறுகல்" என்று சொல்லித் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் கான்ட்ராக்டர் பத்ரியிடம் கேட்டேன். "அக்கா, நீங்க சுவத்தைப் பாருங்க, கதவைக் கதவுக்காரரு பாத்துக்குவாரு, வீட்டுச் சண்டையை வேலை இடத்துக்குக் கொண்டு வராதீங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். எனக்குக் காது வரைக்கும் சுட்டது. விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது, ஆனால் விட முடியவில்லை, ஏன் என்று உனக்குத் தெரியும்.

நிலம் ஆடிய அன்று சனிக்கிழமை, வாரத்தில் பள்ளிக்கு அந்த ஒரு நாள்தான் லீவு, அதனால்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் இன்றைக்கு இருக்கிறார்கள். பிறகு இடிந்த பள்ளியில் கல் பொறுக்கப் போனபோது இரண்டாம் வகுப்புக் கதவை நாம் இரண்டு பேரும்தான் தூக்கினோம். உள்ளே சரிந்த கல் முழங்கால் உயரத்துக்குக் கதவை முட்டிக்கொண்டு கிடந்தது, கதவு உள்பக்கம் அசையவே இல்லை, கீலை உடைத்துத்தான் எடுத்தோம். அப்போது நீ கேட்டாய், "அம்மா, இது ஞாயித்துக்கிழமையா இருந்திருந்தா?" என்று. சுவருக்குப் பூச்சுப் பூசும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் காதில் கேட்டது.

ஹெட்சாரிடம் போனேன். அவர் நல்ல மனிதர், ஆனால் யாரையும் பகைக்க மாட்டார், தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். நான் சொன்னேன், சார், நான் சொல்வதும் வேண்டாம், அவர்கள் சொல்வதும் வேண்டாம், பிள்ளைகளை உள்ளே உட்கார வைத்து ஒரு தடவை வெளியே ஓடச் சொல்லிப் பார்ப்போம். அவருக்கு அது பிடித்துப்போயிற்று, யார் மீதும் குற்றம் சொல்லாத யோசனை அல்லவா. மூன்றாம் வகுப்பையும் நாலாம் வகுப்பையும் சேர்த்து முப்பத்தெட்டுப் பிள்ளைகளைக் கீழ் அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். பின்கதவு அப்போது மாட்டவில்லை, அந்த வழியில் பலகை அடித்திருந்தது. பத்ரி டீ கிளாஸோடு வேடிக்கை பார்க்க வந்தார். உன் அப்பா வராந்தாவில் கதவுக்கு நேரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார், என் பக்கம் திரும்பவே இல்லை.

ஹெட்சார் விசில் ஊதினார். உள்ளே ஒரே சிரிப்பு, கூச்சல், பெஞ்சு நகரும் சத்தம். முன்னால் வந்த பிள்ளைகள் கதவில் வந்து ஒட்டிக்கொண்டார்கள், இழுத்துத் திறக்க வேண்டும், இழுக்க இடம் வேண்டும், பின்னால் வந்தவர்கள் இடம் கொடுக்கவில்லை, முட்டித் தள்ளினார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. ஒரு பிள்ளை அழுதது, பிறகு இன்னொன்று. உன் அப்பா கையை அவிழ்த்துவிட்டு ஓடிப்போய்க் கதவைத் தள்ளினார், சிர்ஜனா, தன் கையால் செய்த கதவை அவராலேயே திறக்க முடியவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார், உள்ளே முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் கனம். தள்ளினால் பிள்ளைகளை நசுக்கிவிடுவோமோ என்று பயந்து கையை எடுத்துவிட்டார், "பின்னாடி போங்க கண்ணுங்களா, பின்னாடி போங்க" என்று கத்தினார், அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை. ஜன்னல் வழியாக டீச்சர் அதட்டி, பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பின்வாங்கிக் கதவு திறந்தபோது ஹெட்சாரின் கடிகாரத்தில் ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. யாருக்கும் அடியில்லை, நாலு செருப்பு தொலைந்தது, மூன்றாம் வகுப்பு ரோஜினாவின் ரிப்பன் போயிற்று, அவ்வளவுதான். பத்ரி குடிக்காத டீயைக் கீழே ஊற்றினார். உன் அப்பா உளிப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை, நான் சொன்னேன் பார்த்தீர்களா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது, நல்லவேளை விழுங்கிவிட்டேன். காலையில் ஆட்டுக்குத் தழை போட்டுவிட்டு வந்து பார்த்தால் ஆளைக் காணோம். பள்ளிக்குப் போனால் ஆறு கதவையும் கழற்றி வராந்தாவில் வரிசையாகச் சாய்த்து வைத்துவிட்டு பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பத்ரி இப்போது வேறு கவலையில் இருந்தார், "வெளிய திறந்தா வராந்தாவ மறிக்குமே அண்ணா, மாடியிலேருந்து இறங்கி ஓடி வர்ற புள்ளைங்க கதவுல மோதிக்குமே" என்றார். அதுவும் நியாயமான பேச்சுத்தான். உன் அப்பா பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார், "பாதி திறந்து நின்னாத்தானே மறிக்கும், முழுசாத் திரும்பிச் சுவத்துல ஒட்டிக்கிட்டா?" நிலையை உள்பக்கத்திலிருந்து பிடுங்கிச் சுவரின் வெளி விளிம்புக்குக் கொண்டுவர வேண்டும், கீலுக்கு நீளக் கழுத்து வேண்டும், அப்போது கதவு முழு வட்டத்தில் பாதி சுற்றிப் போய்ச் சுவரோடு சுவராகப் படுத்துக்கொள்ளும். கரித்துண்டால் தரையில் வரைந்தே காட்டினார். கடையில் அந்தக் கீல் கிடைக்காது என்று கீழ்த்தெருக் கொல்லரிடம் உட்கார்ந்து அடித்து வாங்கி வந்தார்.

நிலையைப் பிடுங்க வேண்டுமென்றால் நான் பூசின பூச்சு உடைய வேண்டும் அல்லவா? சுத்தியலை என்னிடம் நீட்டி, "உன் மகாராணிப் பூச்ச நீயே உடை, அப்புறம் நான் உடைச்சேன்னு ஆயுசு முழுக்கச் சொல்லுவ" என்றார். ஐந்து நாளில் அன்றுதான் என்னோடு முதல் பேச்சு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நான் உடைக்க, அவர் நிலையை நிறுத்த, நான் திரும்பப் பூச, ஒன்பது நாள் ஒரே வாசலில் இரண்டு பேரும் நின்று வேலை செய்தோம், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அத்தனை நேரம் சேர்ந்து நின்றது கிடையாது. ஒரே சண்டைதான், மட்டம் சரியில்லை என்று அவர் சொல்வார், மரம்தான் கோணல் என்று நான் சொல்வேன், சாரத்தில் இருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாவட்ட அலுவலகத்திலிருந்து கையெழுத்துப் போட வந்த என்ஜினியர் பொண்ணு, உன் வயதுதான் இருக்கும், டேப்பைப் பிடித்து எல்லாவற்றையும் அளந்தது. வரைபடத்தை மீறியதற்குப் பத்ரியை ஒரு பிடி பிடித்தது. கதவைப் பதினொரு தடவை திறந்து மூடிப் பார்த்தது, பிறகு கீலைப் போட்டோ எடுத்துக்கொண்டு, "இது யாரோட யோசனை?" என்று கேட்டது. உன் அப்பா காதில் விழாத மாதிரி மரத்தூளை ஊதிக்கொண்டிருந்தார், ஆனால் அன்றிலிருந்து டீக்கடையில் இந்தக் கதையைக் கேட்காத ஆள் கிடையாது.

திறப்பு விழாவுக்கு லாலிகுராஸ் பூ மாலையும் மரியாதைக்குப் போர்த்தும் காதாத் துண்டுமாக மேடை போட்டிருந்தார்கள். திறந்து வைக்க வந்த பெரிய மனிதர் பேச எழுந்ததும் ஹெட்சார் முன்னால் போய், ஐயா ஒரு நிமிஷம், முதலில் பிள்ளைகள் ஒன்று செய்து காட்ட வேண்டும் என்றார், யாரையும் பகைக்காத அந்த மனிதர்! ஆறு வகுப்பிலும் பிள்ளைகளை அடைத்துக் கதவைச் சாத்தி விசில் ஊதினார், கடிகாரம் பத்ரியின் கையில். கதவுகள் படபடவென்று திறந்து சுவரில் போய் ஒட்டிக்கொண்டன, சட்டியில் சோளம் பொரிவது போலப் பிள்ளைகள் வெளியே தெறித்தார்கள், கீழ் வகுப்பெல்லாம் இருபத்திரண்டு நொடி, மாடியிலிருந்து கடைசிப் பிள்ளை மைதானத்துக்கு வர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பத்ரி அந்த எண்ணைத் தானே சாதித்தது போலக் கத்திச் சொன்னார். பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போய், யாரும் சொல்லாமலே திரும்ப உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு, ஊதுங்க சார் ஊதுங்க சார் என்று ஒரே ரகளை. மூன்று தடவை ஓடினார்கள், பெரிய மனிதர் பேச்சைப் பையில் மடித்து வைத்துவிட்டுக் கை தட்டினார். ரோஜினா உன் அப்பாவிடம் வந்து, "தாத்தா, இந்தக் கதவு நல்ல கதவு, தொட்டாலே போயிருது" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், தூசி என்றார். மழை பெய்து கழுவிவிட்ட மைதானத்தில் எங்கே தூசி?

மற்றபடி இங்கே எல்லாம் சுகம். பின்கதவு ஆறும் மாட்டியாயிற்று, வெளியேதான். பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்தும் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே கூப்பிட்டிருக்கிறார்கள், மழைக்கு முன் போக வேண்டும். சோளம் முளைத்துவிட்டது. நீ குளிர் நீரில் தலைக்குக் குளிக்காதே, அந்த முதியவர்களைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்கு, இடுப்பு உன்னுடையது. தசைன் பண்டிகைக்கு வர முடியாவிட்டாலும் பரவாயில்லை, நெற்றியில் வைக்கும் டீகா அரிசியைப் பொட்டலத்தில் அனுப்புகிறோம். நல்ல உடம்பும் நல்ல மனசும் நல்ல துணையும் உனக்கு அமையட்டும், நீ நின்ற இடமெல்லாம் உறுதியாக நிற்கட்டும்.

ஒன்று மறந்துவிடாதே. அப்பா நூறு தடவை சொல்லிவிட்டார், உன் அறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்து எழுது. வெளியே என்றால் நல்லது. உள்ளே என்றால் அதன் பக்கத்தில் பெட்டி, நாற்காலி, செருப்பு ஒன்றும் வைக்காதே, கீல் எப்படிப்பட்டது என்று போட்டோ எடுத்து அனுப்பு, மீதியை அவர் பார்த்துக்கொள்வாராம்.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா
ஜுன்கிரி குருங், கொத்தனார்