அய்யா பிடித்த சீலா

பாம்பன், செவ்வாய்

அக்கா,

அய்யாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு நீ வராமல் போனதே நல்லது.

விடியக்காலை அய்யா பிடித்த சீலா மீனை ராமநாதபுரம் ஓட்டலில் கொடுத்து வறுக்கச் சொல்வது என் பொறுப்பு. மத்தியானம் நம் குடும்பத்தில் பதினெட்டுப் பேர் ரயிலேறி வந்து இலை முன்னால் உட்கார்ந்தார்கள். மீன் வந்ததுமே நாறியது.

அய்யா ஒரு துண்டை வாயில் வைத்தார், துப்பினார். "ஏலே, இது நான் பிடிச்ச மீனே இல்ல. மாத்திப்புட்டான்!"

ஓட்டல்காரரைப் பார்த்து நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "தப்புதாண்ணே, மன்னிச்சிருங்க" என்று அய்யாவிடம் சொன்னார்.

"படிப்பத்தான் விட்டான், ஓட்டலயாச்சும் பாத்துப் பிடிச்சிருக்கக் கூடாதா?" என்று சித்தப்பா என்னைக் காட்டிச் சிரித்தார்.

சனிக்கிழமை அய்யா நாலு ஆட்களோடு அந்த ஓட்டலுக்குப் போகிறார். அடிக்காமல் திரும்ப மாட்டார்.

அது அய்யாவின் மீன்தான், அக்கா. ஸ்டேஷன் வாசலில் மீன் சாக்கை வெயிலில் போட்டுவிட்டுச் சீட்டாடினேன். "மீனு கெட்டிருக்கே தம்பி" என்று ஓட்டல்காரர் அப்போதே சொன்னார். "வறுத்தாச் சரியாப் போகும்" என்று நான்தான் திணித்தேன். அத்தனை பேர் முன்னால் அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடு. அய்யாவிடம் நானே சொல்கிறேன். அப்போது நீ வாசலை மறித்து நில். இல்லாவிட்டால் பாதியிலேயே ஓடிவிடுவேன்.

உன் தம்பி