அப்பா பலகையில் எழுதிய விதிகள்

என் தங்கம் நொயேமிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் லக்சம்பர்க்கில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் நலம், அத்திமரம் கிளை முறியக் காய்த்திருக்கிறது, உன் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் முகாம் முடிந்து வந்ததிலிருந்து வாயைத் திறப்பதில்லை. நீ போனில் விசாரித்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அதனால்தான் வெயிலைப் பற்றி ஏதோ உளறிவிட்டு வைத்துவிட்டேன். நடந்ததை இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன்.

சர்வதேச சாரணர் முகாம் இந்த முறை நம் அணைக்கு மேலே பைன் காட்டில், அப்பாதான் முகாம் தலைவர் என்று தெரிந்த நாளிலிருந்து நான் வீட்டில் குடித்தனம் நடத்தவில்லை, ஒரு அரசாங்கத்துக்குக் கீழே வாழ்ந்தேன். சாப்பாட்டு மேசை முழுக்க விதிகள். பெரியவர் எவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது, பிள்ளைகளின் கூடாரத்துக்குள்ளோ குளிக்கும் இடத்துக்குள்ளோ கால் வைக்கக் கூடாது, கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, கழுத்தில் அடையாள அட்டை இல்லாதவர் வாசலைத் தாண்டக் கூடாது. எல்லாம் நல்ல விதிகள்தான் கண்ணே, ஒன்றைக்கூட நான் குறை சொல்லமாட்டேன். பெரிய பலகையில் நாலைந்து மொழிகளில் எழுதி, கீழே தன் பெயரையும் கொட்டை எழுத்தில் போட்டு, கொடிமரத்தடியில் நட்டார். பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பாளர் என்ற வேலையை மட்டும் யாரும் கேட்கவில்லை, அதனால் அது என் தலையில் விழுந்தது. கோயிம்ப்ரா நகரம் வரை போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தேன். பிள்ளைகள் வந்து மனம்விட்டுப் பேச ஒரு கூடாரம் தந்தார்கள், அதையும் கொடிமரத்தடியில்தான் போட வேண்டும் என்றார் அப்பா, விருந்தாளிகள் கண்ணில் படுமாம். ஊரே பார்க்கிற இடத்துக்கு எந்தப் பிள்ளை வந்து தன் கஷ்டத்தைச் சொல்லும்? அதை நானே பிடுங்கிக்கொண்டுபோய்ச் சமையல் கொட்டகைக்குப் பின்னால், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் போட்டு, பிஸ்கட் டப்பாவைத் திறந்து வைத்தேன்.

வாசலில் அப்பா நடத்திய கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பேக்கரி ஒலிம்பியா அட்டையை மறந்துவிட்டு ரொட்டி வண்டியோடு வந்தாள். 'உன்னை நீ பொறந்ததுலேர்ந்து தெரியும் ஒலிம்பியா, ஆனா அட்டை இல்லாத உன்னை எனக்குத் தெரியாது' என்று சொல்லிவிட்டார். அவள் வீட்டுக்குப் போய் எடுத்து வருவதற்குள் ரொட்டி வெயிலில் காய்ந்து, பிள்ளைகள் அதைச் சூப்பில் ஊறவைத்துத் தின்றார்கள். பூசை வைக்க வந்த பாதர் ஜசிந்துவையும் விடவில்லை. 'சாமி, நீங்க கும்புடற சாமியே நேர்ல வந்தாலும் அட்டை வேணும்' என்றாராம். பாதர் வேலிக்கு வெளியே நின்றே முதல் செபத்தைச் சொல்லி முடித்தார்.

சனிக்கிழமை பார்வையாளர் நாள். நகரசபைத் துணைத்தலைவர் ஃபிர்மினோவை உனக்கு நினைவிருக்கும், முகாமுக்குத் தண்ணீர்த் தொட்டிகள் அவர் ஏற்பாடு, அடுத்த தேர்தலில் தலைவர் பதவிக்கு நிற்கிறார். அவர் கழுத்தில் அட்டை இல்லை, கேமராதான் தொங்கியது. வாசல் இரண்டு பக்கமும் திறந்தது, அப்பாவே ஓடிப்போய்க் கார் கதவைப் பிடித்தார்.

மதியம் எஸ்தோனியாவிலிருந்து வந்த மாரிட் என்ற பதினாலு வயசுப் பெண் தோழியைக் கூட்டிக்கொண்டு என் கூடாரத்துக்கு வந்தாள். பிஸ்கட்டை எடுத்தாள், தின்னவில்லை. குளிக்கும் இடத்தின் துணித் தடுப்புக்கு உள்ளே துண்டோடு நின்று தலை சீவிக்கொண்டிருந்தார்களாம், ஃபிர்மினோ நேரே உள்ளே வந்து படம் எடுத்தாராம். மாரிட் வேண்டாம் என்றிருக்கிறாள். தோளைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, சிரி என்றிருக்கிறார். 'நான் வேண்டாம்னு சொன்னது அவருக்குக் கேட்டுச்சு, கேட்டும் எடுத்தாரு' என்றாள். அப்புறம், 'அவர் பெரிய ஆளாமே, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதா?' என்று கேட்டாள் கண்ணே. நீ சொன்னது சரி, உன்னை நம்புகிறேன், ஆனால் இதை என்னோடு மட்டும் வைத்துக்கொள்ள முடியாது, உதவக்கூடியவர்களிடம் சொல்லியாக வேண்டும் என்றேன். அவள் குழுத் தலைவியை வரவழைத்து உட்கார வைத்து, போலீசுக்கும் போன் செய்துவிட்டு அப்பாவைத் தேடிப் போனேன்.

அவர் விருந்து மேசையில், ஃபிர்மினோவுக்கு மத்தி மீனின் முள்ளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன். 'எர்மெலிந்தா, இப்பப் போய் இதையா கிளப்புறே? விதியெல்லாம் நம்ம ஆளுங்களுக்கு, அவரு விருந்தாளி. தொட்டியெல்லாம் யாரு குடுத்தது?' என்றார். 'தண்ணி குடுத்தவருங்கறதுக்காகக் குளிக்கிற இடத்துக்குள்ள வரலாமா?' என்று கேட்டுவிட்டு, நானே மேசைக்குப் போய், முகாமை விட்டு வெளியே போகும்படி ஃபிர்மினோவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். 'எர்மெலிந்தா அம்மா, எனக்கே ரெண்டு பேத்தி இருக்காங்க' என்றார். அப்படியானால் நான் சொல்வது சுலபமாகப் புரியுமே என்றேன். உடனே படங்களை இங்கேயே அழித்துவிடுகிறேன் என்று கேமராவை எடுத்தார். அழிக்க வேண்டாம், போலீஸ் வரட்டும் என்றேன், பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அவர் முகம் வெளுத்தது. சமையல்காரி குஸ்தோதியா கரண்டியோடு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். 'அடெலினோ, உங்க வீட்டம்மாவக் கொஞ்சம் அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போங்க' என்றார் ஃபிர்மினோ. அப்பா எழுந்தார். மேசையில் இருந்த அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள், நானும்தான். இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தவள் இல்லையா, இப்போது சொல்வார் என்று நினைத்தேன். 'சூப் ஆறுது, எல்லாரும் சாப்பிடுங்க' என்றார்.

ஃபிர்மினோவை நானும் குஸ்தோதியாவும்தான் வாசல் வரை கொண்டுபோய் விட்டோம். போலீஸ் அங்கேயே கேமராவை வாங்கிக்கொண்டது, விசாரணை நடக்கிறது, சாரணர் தலைமைக்கும் எழுதிவிட்டேன். மறுநாளிலிருந்து நகரசபைத் தண்ணீர் லாரி பழுது என்று வரவில்லை, பிள்ளைகள் அணையிலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டே சுமந்தார்கள். காபிக் கடையில் சிலர் என்னைக் கண்டால் எழுந்து போகிறார்கள், போகட்டும், நாற்காலி கிடைக்கிறது.

கடைசி நாள் பேருந்தில் ஏறும்முன் மாரிட் அப்பாவிடம் வந்தாள். பலகையைக் காட்டி, கீழே இருப்பது உங்கள் பெயரா என்று கேட்டாள். ஆமாம் என்றார், பாராட்டப் போகிறாள் என்று நினைத்தார் போலிருக்கிறது. 'அப்ப ஏன் அன்னிக்கு நீங்க எதுவும் சொல்லல?' என்றாள். கோபமே இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அப்பா தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார். பேருந்து கிளம்பிவிட்டது.

இதற்கிடையில் தலைமையகம் என்ன செய்தது தெரியுமா? சிக்கலான நேரத்தில் உறுதியோடு முகாமை நடத்தியதற்காக அப்பாவுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் அனுப்பியிருக்கிறது. கூடத்தில் மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். இன்று காலை அது ஆணியில் இல்லை. 'மாரிட்டோட குழுத் தலைவி முகவரி இருக்கா? அவங்க மூலமா அந்தப் பொண்ணுக்கு ரெண்டு வரி அனுப்பணும்' என்று கேட்டார் அப்பா, முகாமுக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். கொடுத்தேன். காலையிலிருந்து மேசையில் உட்கார்ந்திருக்கிறார், 'அன்புள்ள மாரிட்' என்பதைத் தாண்டவில்லை. உதவட்டுமா என்று நான் கேட்கவில்லை, காபி மட்டும் வைத்துவிட்டு வந்தேன்.

மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும், வயிற்றில் இருக்கும் சின்னதையும் சேர்த்துத்தான். காலைக் குளிரில் காலுறை இல்லாமல் நடக்காதே. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அப்பாவே எடுத்தாலும் எடுப்பார், பாராட்டுப் பத்திரத்துக்கு மட்டும் வாழ்த்துச் சொல்லிவிடாதே.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா எர்மெலிந்தா