ஸிமூனே

நெதர் கூம், டார்செட்
3 நவம்பர் 1953

அன்புள்ள தங்கை ஹெஸ்டருக்கு,

உன் அக்கா லெட்டிஸ் எழுதுவது. இடது முழங்கால் நீங்கலாக நான் சௌக்கியம். டாஸ்மேனியாவில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே? நீ அனுப்பிய டின் வெண்ணெய் வந்து சேர்ந்தது. இங்கே வெண்ணெய்க்கு இன்னும் ரேஷன்தான். என் பங்கு முழுக்க உன் அத்தான் கும்பிடும் தேவிக்குப் படைக்கும் பிறை வடிவக் கேக்குக்கே போய்விடுகிறது. அவள் எங்கே சாப்பிடுகிறாள், லண்டனிலிருந்து ரயிலில் வருகிறவர்கள்தான் சாப்பிடுகிறார்கள்.

இந்தத் தடவை ஒரு காரியமாக எழுதுகிறேன். ட்ரான்டர் என்றொரு பத்திரிகைக்காரர் உனக்குக் கடிதம் போடப் போகிறார். அதற்கு முன்னால் இது உன் கைக்கு வரவேண்டும் என்றுதான் விமானத் தபாலில் போடுகிறேன். நின்று படிக்காதே, உட்கார்ந்து படி.

உன் அத்தான் ஆம்ப்ரோஸ் இப்போது பெரிய ஆள். சூனியத்துக்கு எதிரான சட்டத்தைச் சர்க்கார் நீக்கிய கையோடு புத்தகம் போட்டாரல்லவா, அதிலிருந்து வாசலில் ஆள் வந்தபடி இருக்கிறது. ஊர் அதைச் சூனியம் என்கிறது, இவர் பழைய மார்க்கம் என்கிறார். கறிக்கடை ஸ்டிக்லண்ட் போன வாரம் எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டான்: "என்ன மேடம், உங்க வீட்டுக்காரர் இன்னிக்குத் தொடப்பத்துல பறப்பாரா? பறந்தா எங்க கூரை ஓடு ஒடையாம பறக்கச் சொல்லுங்க." அவருக்கு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறது, பயப்படாதே என்றேன். ஒரு துண்டு ஈரல் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தான்.

அவர்கள் ஒட்டுத்துணி இல்லாமல்தான் கும்பிடுகிறார்கள் என்பது உனக்குத் தெரியும். எனக்கு அதில் வெட்கம் போய் வெகு நாளாகிறது. கணக்கர், தாதி, ஓய்வுபெற்ற லத்தீன் டீச்சர் மிஸ் பிரிடோ என்று எல்லாருடைய உடுப்பும் என் சோபாவில்தான் கிடக்கும். நான் மடித்து வைப்பேன். இவருக்கு இடுப்புப் பிடிப்பு வேறு, திரும்பி வந்ததும் வெந்நீர்ப் பையும் நானேதான் வைக்க வேண்டும். என்னையும் அவர்கள் கும்பிடும் வட்டத்தில் வந்து நிற்கும்படி வருஷக்கணக்காகக் கூப்பிடுகிறார். போதகர் வீட்டில் பிறந்தவள் நான், மாட்டேன் என்றே சொல்லி வந்திருக்கிறேன்.

ஆனால் ஒரு விஷயம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. இதெல்லாம் இவருக்கு எங்கிருந்து வந்தது? பல் டாக்டராக இருந்தபோது, யுத்தத்துக்கு முந்தின வருஷம், காட்டோரத்திலிருந்து ஒரு கிழவி பல் பிடுங்கிக்கொள்ள வந்தாளாம். வலியில்லாமல் பிடுங்கினாராம். அந்தச் சந்தோஷத்தில் தீட்சை கொடுத்து, யாரும் அறியாத தேவியின் பெயரையும் காதில் சொல்லிவிட்டுப் போனாளாம். கதவைத் திறந்து நோயாளிகளை உட்கார வைத்ததெல்லாம் நான். அப்படி ஒரு கிழவி வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. இருந்தாலும் பொய் சொல்கிற முகமாகவும் இல்லையே என்று குழம்பிக்கொண்டிருந்தேன்.

நம் டெனிஸ் போன பிறகு இவர் எப்படி ஆனார் என்பதை நீ கூடவே இருந்து பார்த்தவள். தொண்டை அடைப்பான் வந்து என் குழந்தை நாலே நாளில் போனான். இது கர்த்தருடைய சித்தம் என்று ஊர்ப் போதகர் கல்லறையருகே சொன்னதும், தொப்பியைக் கூட எடுக்காமல் நடந்துவிட்டார். அதன் பிறகு கோவில் வாசல் மிதிக்கவில்லை. சின்னப் பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்க்கவும் கை வரவில்லை. ஆவியோடு பேசுகிறவர்கள், நட்சத்திரம் பார்க்கிறவர்கள் என்று ஏறி இறங்காத இடமில்லை. டெனிஸ் என்ற பெயரை மட்டும் அவர் வாயிலிருந்து இன்றுவரை நான் கேட்டதில்லை. நானும் சொல்வதை விட்டுவிட்டேன்.

இப்போது போன மாதப் பௌர்ணமிக்கு வருகிறேன். வழக்கமாகத் தோட்டத்துக் கடைசியில் ஆப்பிள் கொட்டகையில்தான் கும்பிடுவார்கள். அங்கே என்ன சொல்கிறார்கள் என்று வீட்டில் கேட்காது. புத்தகத்திலும் தேவியின் பெயர் கிடையாது, அது ரகசியம். அந்த வாரம் காற்றில் கூரைத் தகரம் பிய்த்துக்கொண்டு போனதால், இந்த ஒரு தடவை நம் சாப்பாட்டு அறையில் வைத்துக்கொள்கிறோம் என்றார். மேஜையை நகர்த்திக் கொடுத்துவிட்டு அடுக்களையில் சூப் கிண்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம், இன்னும் சரியாக இருட்டவில்லை. சுவருக்கு அந்தப்பக்கம் எல்லாரும் சேர்ந்து தேவியைக் கூப்பிட்டார்கள்.

"ஸிமூனே. ஸிமூனே."

ஹெஸ்டர், உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாடி ஜன்னலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு "ஸீ, மூன்" என்று தினமும் நிலாவைக் காட்டினவள் நீதான். அவன் அதை ஒன்றாக உருட்டி ஸிமூனே ஆக்கினான். வெண்ணெய் உருண்டையைப் பார்த்தாலும் ஸிமூனே, அப்பாவின் வழுக்கையைத் தடவினாலும் ஸிமூனே. சூப் அடிப்பிடித்துவிட்டது. நான் அடுப்பை அணைக்கக்கூட இல்லை.

மறுநாள் காலையில் முட்டை உடைத்துக்கொண்டிருந்தவரிடம், அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். "கெழவி சொன்னா, லெட்டி. அது ரொம்பப் பழசு. நம்மளையெல்லாம் விடப் பழசு" என்றார். மிஸ் பிரிடோ ஒரு படி மேலே போய், அது ஏசுவுக்கும் முந்தின ஃபினீஷிய வியாபாரிகள் இங்கே தகரம் வாங்க வந்தபோது கப்பலில் கொண்டுவந்த பெயர் என்று ஆராய்ந்து வைத்திருக்கிறாள்.

ட்ரான்டர் கெட்டிக்காரர். கூட்டத்தில் யாரையோ பேச வைத்துப் பெயரைக் கறந்துவிட்டார். எந்தப் பழைய ஏட்டிலும் இப்படி ஒரு தேவி இல்லையாம். என் அடுக்களையில் டீயைக் குடித்துக்கொண்டே, "மேடம், உண்மையச் சொல்லுங்க, சார் இத எங்க புடிச்சாரு? அது மட்டும் தெரிஞ்சாப் போதும், இந்தக் கடையையே மூடிடலாம்" என்றார். நான் இன்னொரு கேக்கை நகர்த்தி வைத்தேன். அதற்குள் ஆம்ப்ரோஸ் உள்ளே வந்தார், வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? "அந்தக் காலத்துல என் மச்சினி எங்க வீட்லதான் இருந்தா. நான் கதை கட்டுறவனான்னு அவளையே கேளுங்க" என்று உன் விலாசத்தைத் தானே எழுதிக் கொடுத்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது யாருடைய சொல் என்று தெரிந்திருந்தால் உன் விலாசத்தையா கொடுப்பார்? உலகத்தில் அந்தச் சொல்லை அறிந்த இன்னொருத்தி நீதானே. அவருக்கு நிஜமாகவே தெரியாது, ஹெஸ்டர். மாதா மாதம் யாரைக் கூப்பிடுகிறார் என்று அவருக்கே தெரியவில்லை.

தெரிந்தால் என்ன ஆவார் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. அதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில், ஊர் சிரிக்கச் சிரிக்க அவர் படிக்க வேண்டாம். அதனால் ட்ரான்டர் எழுதினால் இரண்டே வரி பதில் போடு. அப்படி ஒரு சொல்லை நான் கேள்விப்பட்டதில்லை, அத்தான் கதை கட்டுகிறவர் இல்லை என்று எழுது. முதல் வரி பொய். இரண்டாவது சத்தியம். நம் அப்பா இருந்தால் ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போயிற்று என்று மன்னித்திருப்பார்.

இந்த மாதப் பௌர்ணமிக்கு நான் வட்டத்தில் நிற்கிறேன் என்று நேற்று சொல்லிவிட்டேன். கம்பளிக் கோட்டைக் கழற்ற மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறேன். அவருக்கு ஒரே சந்தோஷம், நான் மதம் மாறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைக்கட்டும். இத்தனை வருஷமும் அவனைச் சத்தமாகக் கூப்பிட எனக்கு ஓர் இடம் இல்லாமல் இருந்தது.

உங்கள் பக்கத்தில் நிலா தலைகீழாகத் தெரியும் என்பார்கள். எப்படித் தெரிந்தால் என்ன, இருபதாம் தேதி பௌர்ணமியன்று ஜன்னலருகே போய் ஒரு தடவை நீயும் கூப்பிடு. நீதானே அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாய்.

உன் வீடு நன்றாக இருக்கட்டும். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு.

உன் அக்கா,
லெட்டிஸ்