ஏரி கோடி போய்விட்டது

என்னங்க,

பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, இப்போது மட்டும் எப்படி வரும்? எங்கிருந்தாலும் இந்த ‘என்னங்க’வுக்குத் திரும்பிப் பார்ப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நம் ஏரி நிரம்பிக் கோடி போய்விட்டது. நேற்று ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

சிவகங்கைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், இதே ரயிலில் யாரோ “ஏரி கோடி போயிடுச்சு” என்று சொல்ல, “ஐயையோ, யாரோட பணம்?” என்று நான் பதறியது ஞாபகமிருக்கிறதா? எங்கள் ஊரில் கண்மாய் வழிந்தால் மறுகால் பாயுது என்போம். எனக்கென்ன தெரியும்? பெட்டியே சிரித்தது. அதிலிருந்து மழை பிடித்தாலே, “உன் கோடி வந்துடுச்சாடி?” என்று உங்கள் கிண்டல்தான். ரோட்டில் போனால் கரை மட்டும்தான் தெரியும், ஏரியை ரயிலில்தான் பார்க்கணும் என்று ஜன்னல் சீட்டுக்கு ஓடுவீர்கள்.

வைகாசியில் நீங்கள் போனபோது என் அண்ணன் கோடிப் புடவை கொண்டுவந்தார். கருமாதியன்று அதை என்மேல் போர்த்தினார்கள். அன்றோடு அந்தச் சொல்லே எனக்கு ஆகாமல் போயிற்று. உங்கள் சிரிப்போடு கேட்ட சொல்லாயிற்றே! புடவையைப் பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

நேற்றுக் காலை நம் மகள் செல்வி வந்து நின்றாள்.

“அம்மா, ஏரி கோடி போவுதாம். கெளம்பு.”

“அந்த வார்த்தைய எங்கிட்ட சொல்லாத.”

“அப்பா இருந்தா இந்நேரம் ஸ்டேஷன்ல நின்னுருப்பாரு. வரியா, நான் மட்டும் போவட்டா?”

உங்கள் பெண்தானே, அதே அதட்டல். கிளம்பினேன்.

ஊரைத் தாண்டும்வரை வீடுகளின் பின்பக்கமும் முட்புதரும்தான். ஒரு வளைவு திரும்பியதும் தண்ணீர். தண்டவாளத்தை ஒட்டி, கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர். கருவேல மரங்கள் கழுத்தளவு முங்கி நின்றன. அக்கரையில் ஊரே கும்பிடும் நம் மலை. அதே மலை, உச்சி கீழாக, மேகத்தோடு சேர்த்து, ஏரிக்குள்ளும் முழுசாக இருந்தது. போனில் கத்திக்கொண்டிருந்தவர்கூட ஜன்னலுக்கு எழுந்து வந்தார். எதிரே பூக்கூடையோடு இருந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, “மேல கும்புடறதா, கீழ கும்புடறதான்னே தெரியலையே” என்றார். எனக்கும் தெரியவில்லை. தினமும் பார்க்கிற மலைதானே, ஏன் அப்படி உடம்பெல்லாம் சிலிர்த்தது? உங்களுக்கும் ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் இருந்ததா?

ஏரியின் கடைசியில் கல்கட்டைத் தாண்டித் தண்ணீர் வெள்ளை வெளேரென்று விழுந்துகொண்டிருந்தது. ரயில் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

“அம்மா, உன் கோடி!” என்று செல்வி கூவினாள்.

சிரித்துவிட்டேன். நீங்கள் போனபிறகு முதல் தடவை. தப்பில்லையே?

வீட்டுக்கு வந்ததும் அந்தப் புடவையை வெளியே எடுத்து உதறி மடித்தேன். அடுத்த மழைக்கு ஏரி நிரம்பட்டும். அதைக் கட்டிக்கொண்டுதான் ஜன்னலோரம் உட்காருவேன். என்ன விசேஷம் என்று யாராவது கேட்டால், உங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்வேன்: “ஏரி கோடி போவுது.”

‘யாரோட பணம்?’ என்று பதறிய
உங்கள் வீட்டுக்காரி