மடி இருக்கும்வரை இடம் உண்டு

சமோவா
வியாழக்கிழமை

அன்புள்ள தெலேசியாவுக்கு,

கர்த்தர் தயவால் நானும் நம் மகள்கள் இருவரும் சுகம். பன்றிகளும் சுகம். அவற்றில் ஒன்று குறைந்ததற்கான காரணம் கீழே வருகிறது. போனில் சொன்னால் நீ சிரித்தே பாதி நேரத்தைப் போக்கிவிடுவாய். அதனால், நாளை விமானம் ஏறி உங்கள் தோட்டத்துக்கே வேலைக்கு வரும் என் சித்தப்பா மகனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கிவிப்பழத் தோட்டத்தில் அடுத்த வருஷத்துக்கும் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். எனக்கு மின்சார பஸ் ஓட்டும் வேலை நிரந்தரமானால் நீ கையெழுத்துப் போடவேண்டாம் என்றுதானே பேசியிருந்தோம்? மூன்று மாத வெள்ளோட்டம் நேற்றோடு முடிந்தது. முடிவை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் நான் பட்ட பாட்டை நீ முழுசாகக் கேட்டே ஆகவேண்டும்.

வண்டியை ஒப்படைத்த அன்று மந்திரி, "இனிமே டீசல் கப்பல் எப்ப வரும்னு யாரும் கடலைப் பாத்துக்கிட்டு நிக்க வேண்டாம். நம்ம வெயிலே நம்மள ஓட்டும்" என்றார். எல்லாரும் கைதட்டினோம். பிறகு போக்குவரத்து அலுவலகத்திலிருந்து வந்திருந்த மெரீட்டா என்ற பெண் என்னைத் தனியே அழைத்தாள். இருபத்தெட்டு இருக்கை, இருபத்தெட்டுப் பேர், பாரம் கூடினால் மலையேற வண்டி தாங்காது, ஆகவே யாரும் யார் மடியிலும் உட்காரக்கூடாது என்றாள். மடியில் உட்காரக்கூடாதாம்! நம் ஊர் பஸ்ஸில் இடமில்லை என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? மடி இருக்கும்வரை இடம் இருக்கிறது.

ஆனாலும் உன்னை நினைத்து விதியைக் காத்தேன். முதல் வாரமே, இருபத்தொன்பதாவது ஆளாகப் பாஸ்டர் அம்மா வந்து நின்றார். தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வண்டியை எடுத்துவிட்டேன். அன்று மாலையே ஊர்ச்சபை கூடியது. "இருபத்தெட்டு மடியும் சும்மா கெடக்கையில பாஸ்டர் அம்மாவ வெயில்ல விட்டுட்டு வந்தியாடா? உன் ஒடம்புல ஓடுறது ரத்தமா, கரண்டா?" என்று தலைவர் கேட்டார். அபராதம் ஒரு பன்றி. நீ பேர் வைத்து வளர்த்த அதே பன்றிதான். கோபப்படாதே.

மறுநாள் மடிகளைத் திறந்துவிட்டேன். அறுபத்தொரு பேர். மலையில் பாதி ஏறியதும் வண்டி நின்றுவிட்டது. பழைய வண்டியாவது புகைவிட்டு, இருமி, சொல்லிக்கொண்டு நிற்கும். இது மூச்சே காட்டவில்லை. நீ கையெழுத்துப் போடுவது கண்முன்னால் தெரிந்தது. பாஸ்டர் அம்மாதான் நிதானமாக, "வயசுப் பிள்ளைங்கல்லாம் எறங்கி நடங்க, மேல போய் ஏறிக்கலாம்" என்றார். பாதிப்பேர் இறங்கியதும் வண்டி சமர்த்தாக ஏறியது. உச்சியில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு இறங்கும்போதுதான் கவனித்தேன். இறக்கத்தில் இந்த வண்டி மின்சாரத்தைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறது. பாரம் கூடக்கூட அதிகமாகச் சேர்க்கிறது!

ஊர்ச்சபை உடனே சட்டம் போட்டது. ஏற்றத்தில் நாற்பது வயதுக்கு உட்பட்டவர்கள் நடக்கவேண்டும். இறக்கத்தில் ஒரு மடியும் காலியாக இருக்கக்கூடாது. அன்றிலிருந்து ஊரில் நாற்பதைத் தாண்டாதவர் என்று ஒருவரும் இல்லை. முப்பத்தைந்திலேயே வருஷக்கணக்காக நின்றிருந்த உன் அக்காவுக்கு ஒரே வாரத்தில் நாற்பத்தாறு ஆகிவிட்டது. ஆனால் பாஸ்டர் அம்மாவுக்கு எல்லார் வயதும் தெரியும்; பாதிப்பேரை இறக்கிவிட்டுவிடுவார்.

நேற்று மெரீட்டா சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்கு வந்து ஏறினாள். வயதைக் கேட்டார்கள். பாவம், முப்பது என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். அவளையும் இறக்கி நடக்கவைத்தார்கள். உச்சியில் ஏறியபோது உட்கார இடமில்லை. பாஸ்டர் அம்மா தன் மடியைத் தட்டி, "வா மவளே, கூச்சப்படாத. இதுவும் கவர்மெண்டு சீட்டுதான்" என்றார். கையோடு கொண்டுவந்திருந்த, பேட்டரியை அளவெடுக்கும் கருவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அந்த மடியிலேயே தலைநகர் அபியாவரை வந்தாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

பஸ் நிலையத்தில் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பெனியமினா அண்ணே, நாங்க எதிர்பார்த்ததைவிட பேட்டரியில மிச்சம் இருக்கு. ஆனா எப்படின்னு எழுதினேன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்க" என்றாள். வெகுநேரம் யோசித்து, 'உள்ளூர் வழக்கப்படி பாரம் பகிர்ந்துகொள்ளப்பட்டது' என்று எழுதி, வண்டி தேறியது என்று கையெழுத்துப் போட்டாள். வேலை நிரந்தரம், தெலேசியா!

சம்பளம் நீ அனுப்புவதைவிடக் குறைவு. கூரை இன்னும் ஒரு மழைக்காலம் ஒழுகும். இதை உன்னிடம் மறைக்கமாட்டேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை சின்னவள் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் உன் படத்தைக் காட்டி, "இது போனுக்குள்ள இருக்குற அம்மா" என்று சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு, நிறுத்தியிருந்த பஸ்ஸுக்குள் போய்க் கொஞ்சநேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

கர்த்தர் உன் கைகளைத் தோட்டத்துக் குளிரிலிருந்து காக்கட்டும். அவர்கள் நீட்டும் பேனாவிலிருந்தும் காக்கட்டும்.

உன்
பெனியமினா