ஓடினால் மூன்று நிமிடம்

4.6.1999, வெள்ளி

பிளஸ் டூ தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. இயற்பியல் டீச்சர் அதற்குள் முதல் பாடத்தை முடித்துவிட்டு, புரிந்ததா என்று கேட்டார். எல்லோரும் தலையாட்டினோம். பூம்பூம் மாடு தோற்றுவிடும்.

நிலாவும் நானும் இந்த வருஷமும் ஒரே பெஞ்ச். அவள் முகம்தான் சரியில்லை. அவள் அண்ணன் அருள்ராஜ் ராணுவத்தில் இருக்கிறார். கார்கிலில் சண்டை தொடங்கியதிலிருந்து ஒரு சேதியும் இல்லை. அவர்கள் வீட்டில் போன் கிடையாது. எங்கள் வீட்டு நம்பரைத்தான் பி.பி. நம்பராக அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர் அடித்தால் நாங்கள் போய்க் கூப்பிட வேண்டும். பத்து நிமிடம் கழித்து மறுபடி அடிப்பார். நிலா வீடு சேவூர் ரோட்டைத் தாண்டி வயலை ஒட்டி இருக்கிறது, நடந்தால் ஐந்து நிமிடம். அவர்கள் வந்ததும் ரிசீவரைச் சன்னல் வழியாக நீட்டுவோம். அது அம்மாவின் ஏற்பாடு. பள்ளிக்கூடத்தில் நிலாவின் டப்பாவிலிருந்து நான் புளிச்சோறு பிடுங்கித் தின்பேன். எங்கள் வீட்டுக்கு வந்தால் அவள் சன்னலுக்கு வெளியே நிற்பாள். இதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

மார்ச்சில் லீவில் வந்தபோது அருள்ராஜ் அண்ணன் அவளுக்கு தேவிகாபுரத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்தார். தமிழ்வாணன் என்று பெயர், அண்ணனுடைய சிநேகிதரின் தம்பி. நிலா, "நீ ஒண்ணும் எனக்கு அண்ணன் இல்ல" என்று கத்தியிருக்கிறாள். அவர் பட்டாளத்துக்குத் திரும்பும்போது அவள் வெளியே வரவேயில்லை. இப்போது அதையே நினைத்து நகம் கடிக்கிறாள்.

8.6.1999, செவ்வாய்

பாகிஸ்தானை நாற்பத்தேழு ரன்னில் ஜெயித்தோம்! தெருவெல்லாம் வெடி. எனக்குக் குரலே இல்லை.

ஒன்று எழுத வேண்டும். நாளைக்கு.

9.6.1999, புதன்

எழுதிவிடுகிறேன்.

நேற்று சாயங்காலம் ஆறரை இருக்கும். அப்பா கடையில். அம்மா கோயிலில். நான் டிவி முன்னால். இந்தியா பேட்டிங், இன்னும் மூன்று ஓவர். அப்போது போன்.

"அலோ, மாணிக்கவேல் சார் வூடுங்களா? நான் அருள்ராஜ் பேசறேன், பொன்னுசாமி பையன்."

"அண்ணா, நான் லதா."

"எங்கம்மாவ கொஞ்சம் கூப்டும்மா. பத்து நிமிசம் கழிச்சி பண்றேன். இங்க பின்னால வரிசை நிக்குது, ஜல்தி."

நான் என்ன சொன்னேன்? என் கண் டிவியில் இருந்தது. வாய் அதுபாட்டுக்குச் சொன்னது: "வீடு பூட்டியிருக்குண்ணா. எல்லாரும் எங்கயோ போயிருக்காங்க. இப்பதான் பாத்துட்டு வந்தேன்."

"சரி. நிலா கிட்ட ஒண்ணு சொல்லிடு. அந்த தேவிகாபுரம் சம்பந்தம், அவளுக்கு வேணாம்னா வேணாம். நான் அன்னிக்குக் கோவத்துல பேசிட்டேன். அவ படிக்கட்டும். எங்க மாமாவுக்கு நானே லெட்டர் போடறேன். மறந்துடாத" என்றார்.

"சரிண்ணா."

"மேட்ச்சா ஓடுது? ஸ்கோர் எவ்ளோ?"

இருநூறு தாண்டிவிட்டது என்றேன். சிரித்தார். நாளைக்கு மலைமேலே போகிறோம், முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை அடிக்கிறேன் என்றார். வைத்துவிட்டார்.

மூன்று ஓவர். அதைப் பார்க்காவிட்டால் என்ன, இந்தியா தோற்றுவிடுமா? பாகிஸ்தானை அடி, அடி என்று கத்திக்கொண்டிருந்தேன். அவர்களோடு நிஜமாகவே சண்டை போடப் போகிறவர் போனில் இருந்தார்.

இன்று பெஞ்சில் நிலாவிடம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். போன் வந்தது என்றால், ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பாள். என்ன சொல்வது? ஞாயிற்றுக்கிழமை அவரே அடிப்பார், அவரே சொல்லிவிடுவார். அதுவரைக்கும்தானே.

13.6.1999, ஞாயிறு

காலையிலிருந்து போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். குளிக்கக்கூட போகவில்லை. "இன்னாடி, போனுக்குக் காவலா?" என்று அம்மா கேட்டாள். நான்கு அழைப்புகள், நான்கும் அப்பாவின் சேலை வியாபாரம்.

சாயங்காலம் நிலாவின் அம்மா அம்மணி சன்னலருகே வந்து நின்றார். களை எடுத்த கை, சேறு காயவில்லை.

"எங்க பையன் எதனா போன் பண்ணிச்சா பாப்பா?"

"இல்லீங்கம்மா."

இது இரண்டாவது பொய். முதல் பொய் தானாக வந்தது. இதை நான் தெரிந்தே சொன்னேன்.

16.6.1999, புதன்

பள்ளியில் எல்லோரும் முகம் தெரியாத ராணுவ வீரருக்கு ஆளுக்கொரு கடிதம் எழுத வேண்டும் என்று தலைமையாசிரியை சொன்னார். நான் இரண்டு பக்கம் எழுதினேன். 'உங்கள் குரலைக் கேட்க இந்த நாடே காத்திருக்கிறது' என்று ஒரு வரி. எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. தமிழம்மா அதைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் வாசித்தார், மொத்தப் பள்ளியும் கைதட்டியது. நிலா என் தோளைக் கட்டிக்கொண்டு, "எங்கண்ணனுக்கே எழுதின மாதிரி கீதுடி" என்றாள்.

சீ.

20.6.1999, ஞாயிறு

இன்று உலகக் கோப்பை இறுதிப் போட்டி. டிவியைப் போடவில்லை. போனும் வரவில்லை.

25.6.1999, வெள்ளி

காலை ஏழரைக்குப் போன். அப்பா எடுத்தார். யாரோ அதிகாரி, இங்கிலீஷில். அப்பா "எஸ் சார், எஸ் சார்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"லதா, பொன்னுசாமி வூட்டுக்குப் போயி அவர கூட்டினு வா. வேற ஒண்ணும் சொல்லாத."

ஓடினேன். செருப்பு போடவில்லை. சேவூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே உரசிப் போனது. நிலாவின் அப்பா பல் விளக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "போனா? புள்ள பேசறானா?" என்று வாய்கூடக் கொப்பளிக்காமல் எனக்கு முன்னால் ஓடினார். பின்னாலேயே அம்மணி அம்மா. அதன் பின்னால் நிலா.

திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஓடினால் மூன்று நிமிடம்தான். மூன்றே நிமிடம்.

26.6.1999

ஒன்றும் எழுத முடியவில்லை.

29.6.1999, செவ்வாய்

நேற்று அண்ணனைக் கொண்டுவந்தார்கள். கடைகள் எல்லாம் அடைப்பு. தறிச் சத்தமே இல்லாத ஆரணியை நான் முதல்முறை கேட்டேன். நாங்கள் யூனிபாரத்தில் ரோட்டோரம் வரிசையாக நின்றோம், கையில் உதிரிப்பூ. லாரி மெதுவாகப் போயிற்று. பக்கத்தில் நின்றவள் பூவை எறிந்தாள். நான் எறியவில்லை. உள்ளங்கையில் பூ கூழாகிவிட்டது.

அம்மாவும் வந்திருந்தாள். அழுதாள். எங்க போன்லதான் பேசுவான், தங்கமான பிள்ளை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

நிலா என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டாள். "கடைசி வரிக்கும் என்மேல கோவமாவே போயிட்டான்டி." அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். இல்லை நிலா, கோபமே இல்லை, சிரித்தார், என்னிடம் ஸ்கோர் கேட்டார் என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? சுற்றி அத்தனை பேர் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். எனக்குக் காரணத்துக்கா பஞ்சம்!

14.7.1999, புதன்

காரியம் முடிந்துவிட்டது. நிலா பள்ளிக்கு வரவில்லை. இனி வர மாட்டாளாம். அவள் தாய்மாமா பன்னீர்செல்வம் பேசி முடித்துவிட்டார். சாவு விழுந்த வீட்டில் வருஷத்துக்குள் ஒரு நல்ல காரியம் நடக்க வேண்டுமாம். ஆவணியில் கல்யாணம், அதே தேவிகாபுரம் மாப்பிள்ளை. "எம் மருமவன் கடைசியா ஆசைப்பட்டது இது ஒண்ணுதான். அத நடத்தாம வுட்டா அவன் ஆத்மா சாந்தி ஆவாது" என்றாராம். நிலாவும் சரியென்று தலையாட்டிவிட்டாள். அண்ணனைக் கடைசியாகத் திட்டிய பாவத்துக்கு இதுதான் பரிகாரம் என்று நினைக்கிறாள் அவள்.

அண்ணன் மாமாவுக்குப் போடுவதாகச் சொன்ன கடிதம் வரவே இல்லை. எழுத நேரம் கிடைத்ததோ இல்லையோ. அவர் கடைசியாக ஆசைப்பட்டது என்னவென்று இந்த ஊரில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் கணக்கு நோட்டில் ரிவிஷன் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

இனி முடியாது. ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

18.7.1999, ஞாயிறு

போனேன். சொன்னேன்.

நிலா, அவள் அப்பா, அம்மா, மாமா — நான்கு பேரும் இருந்தார்கள். கூடத்தில் அண்ணன் படத்துக்கு முன்னால் விளக்கு. உட்காரச் சொன்னார்கள், நான் உட்காரவில்லை. ஜூன் எட்டாம் தேதி என்று ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னேன். வீடு பூட்டியிருக்கிறது என்று பொய் சொன்னதையும் சொன்னேன். அடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அடித்திருக்கலாம்.

மாமாதான் முதலில் பேசினார். "இன்னா நிலா, கூட்டாளிக்கு நல்லாத்தான் சொல்லிக் குடுத்து கூட்டியாந்துகிற." நிலா, "நான் ஒண்ணும் சொல்லல மாமா" என்றாள்.

"சத்தியமா அவர்தாங்க பேசினாரு! படத்து மேல சத்தியம்!" படத்தைத் தொட்டுக்கொண்டே அழுதேன்.

நிலாவின் அப்பா என் தலையில் கை வைத்தார். "அழுவாதம்மா. எம் புள்ள போன் பண்ணியிருந்தா நீ ஓடியாந்து கூப்டாம இருப்பியா? அன்னிக்குக் காலம்பற செருப்புகூட இல்லாம வந்தியே, நான் பாத்தேனே. உன்ன எங்களுக்குத் தெரியாதா? எம் பொண்ணு படிக்கணும்னு உனக்கு ஆசை. அதுக்கோசரம் உம்மேலயே பழியப் போட்டுக்காத. செத்தவன் பேர்ல பொய் சத்தியம் பண்ணக்கூடாது தாயி."

அம்மணி அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

பொய் சொன்னபோது நம்பினார்கள். உண்மையைச் சொன்னால், 'நீ அப்படிப்பட்ட பெண் இல்லை' என்கிறார்கள். நான் அப்படிப்பட்ட பெண்தான். அதை எப்படி நிரூபிப்பது?

நிலா ரோடு வரைக்கும் வந்தாள். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "எனக்காக எவ்ளோ பெரிய பொய் சொன்ன நீ. இந்த மாதிரி எனக்கு யாரும் செஞ்சதில்ல."

"பொய் இல்லடி. நிஜம். நிஜமாவே அண்ணன் சொன்னாரு."

"சரி, நிஜந்தான்." குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். "அப்படி அவன் சொல்லியிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்."

நன்றி வேறு சொன்னாள். எனக்கு!

11.8.1999, புதன்

முகம் தெரியாத வீரருக்கு நான் எழுதிய கடிதத்துக்கு முதல் பரிசாம். சுதந்திர தினத்தன்று மேடையில் கொடுப்பார்களாம். காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிடப் போகிறேன். ஆமாம், இன்னொரு பொய்.

29.8.1999, ஞாயிறு

கல்யாணம் முடிந்தது. அப்பாவும் நானும் போனோம். அப்பா கடையிலிருந்து ஒரு பட்டு கொண்டுபோய்க் கொடுத்தார். நிலா அதைத்தான் கட்டிக்கொண்டாள். தமிழ்வாணன் நல்ல மனிதராகத்தான் தெரிகிறார், சத்தம் போட்டுப் பேசவில்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. நல்லவராக இருப்பதாலும் ஒன்றும் குறையவில்லை.

வண்டி ஏறும்போது நிலா, "எனக்கும் சேத்து நீ படி" என்றாள்.

பெஞ்சில் இப்போது வேறொரு பெண் உட்காருகிறாள். நல்லவள்தான். புளிச்சோறு கொண்டுவருவதில்லை.

6.10.1999, புதன்

ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வரும்போது பள்ளி வாசலில் அம்மணி அம்மா நின்றுகொண்டிருந்தார். மகளைப் பார்த்துவிட்டு தேவிகாபுரம் பஸ்ஸிலிருந்து நேராக இங்கே வந்திருக்கிறார். நிலா நன்றாக இருக்கிறாளாம், முழுகாமல் இருக்கிறாளோ என்று சந்தேகமாம். அவள் புத்தகப் பை இங்கே வீட்டில் இன்னும் ஆணியிலேயே தொங்குகிறதாம், எடுக்க மனசு வரவில்லையாம்.

இருவரும் புளியமரத்தடிக்குப் போனோம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அன்னிக்கு எம் புள்ள இன்னா பேசினான்? மொதல்லருந்து சொல்லு."

"நீங்க நம்பறீங்களாம்மா?"

"நீ சொல்லச் சொல்லவே தெரிஞ்சிப் போச்சி. 'வேணாம்னா வேணாம்'னு அவந்தான் பேசுவான்."

"அப்ப ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

"ஊரெல்லாம் சொல்லியாச்சி. எங்கண்ணன் வாக்கு குடுத்துட்டாரு. அதுவும் இல்லாம" — நிமிர்ந்து என்னைப் பார்த்தார் — "நிஜம்னு ஒத்துக்கினா உன்ன நான் இன்னா பண்றது? எனக்குத் தெரியல."

நான் காலில் விழப் போனேன். தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார். மன்னிப்பதற்காக இல்லை. "அதெல்லாம் வேணாம். சொல்லு."

சொன்னேன்.

23.2.2000, புதன்

பரீட்சைக்கு இன்னும் சில நாள்தான். ஹால் டிக்கெட் வந்துவிட்டது.

அக்டோபரிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் அம்மணி அம்மா வருகிறார். பொங்கல் வாரம் மட்டும் வரவில்லை. நிலாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார், இப்போது அவளுக்கு ஆறாம் மாதமாம். பிறகு, "சொல்லு" என்பார். நான் முதலிலிருந்து சொல்வேன். அலோ என்றது, வரிசை நிக்குது என்றது, எதையும் கூட்டாமல், குறைக்காமல். சில நாள் இடையில் நிறுத்திக் கேட்பார். இருமினானா? குரல் கம்மியிருந்ததா? சிரித்தது எப்படி, சத்தமாகவா? தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததைத் தெரியாது என்கிறேன். புதிதாக ஒன்றும் சேர்ப்பதில்லை, அந்த ஒரு நேர்மையாவது.

ஒரே ஒரு இடத்தில்தான் நாக்கு ஒவ்வொரு முறையும் தடுக்கும். விட்டுவிட்டுத் தாண்டிப் போனால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார் என்று தெரியும். ஆனாலும் சொல்கிறேன்.

இன்றும் சொன்னேன். "எங்கம்மாவ கூப்டும்மான்னு கேட்டாரு. நான், வீடு பூட்டியிருக்கு, யாரும் இல்லன்னு சொன்னேன்."

வழக்கம்போல அவர் தலையை அசைத்தார்.

"வூட்லதான் இருந்தேன். சோத்துக்கு ஒலை வெச்சிகினு இருந்தேன்" என்றார். பிறகு, "அப்புறம்?" என்றார்.